மார்கழி அண்ணை

தை பிறந்தால் வழி பிறக்கும் என்று உலகத் தமிழர் எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, "தை பிறந்தா கை மூடும்" என்று சொன்ன ஒரேயொரு மனிதரை எனக்குத் தெரியும். அதையும் பொங்கலன்றுதான் சொல்லுவார். வாயில் பொங்கல் இருக்கும்போதே சொல்லுவார். மூடுகிற கை அரசாங்கத்தின் கை. எந்த அரசாங்கம் என்று கேட்டால் முறைப்பார். அவருக்கு எல்லா அரசாங்கமும் ஒரே வயிற்றில் பிறந்தவை.

பாரிஸில் ஓர் அமைச்சின் கிளைக் கட்டிடத்தை விடியப்புறத்தில், அதிகாரிகள் வருவதற்கு முன், கூட்டித் துடைப்பது எங்கள் வேலை. கட்டிடம் அரசாங்கத்தினுடையது. சம்பளம் தருவது அரசாங்கத்திடம் ஒப்பந்தம் எடுத்த ஒரு கொம்பனி. நாங்கள் ஏழு பேர் வேலை செய்தோம். அவர் எங்கள் மேற்பார்வையாளர், பகலிலும் திரும்பிப் போய்ச் சில மணி நேரம் கட்டிடத்தில் நின்று பார்ப்பார். எங்கள் ஆட்களுக்கு ஜனவரி என்றால் தை, டிசம்பர் என்றால் மார்கழி. பாரிஸுக்கு வந்தும் அது மாறவில்லை. வருடம் முழுவதும் அவர் மார்கழியைப் பற்றியே கதைத்ததால் மார்கழி அண்ணை என்று பெயர் விழுந்துவிட்டது. முகத்துக்கு நேரே சொல்ல மாட்டோம். ஆனால் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

விடியப்புற வேலை முடிந்து, எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லா சப்பலில் இறங்கி, தலைக்கு மேல் மெத்ரோ தடதடக்கிற பாலத்துக்கு எதிரே ஒரு கடையில் பால் விடாத பிளேன்ரீ குடிப்போம். அங்கேதான் அவருடைய மாதங்கள் வெளியே வரும்.

"பாரும் பிள்ளை, அரசாங்கத்துக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான் காசு. தை மாசியிலை பொத்திப் பொத்தி வைச்சிருக்கும். பங்குனி சித்திரையிலை மெல்ல விரலை விரிக்கும். ஆடி ஆவணியிலை எல்லாரும் லீவிலை, கையெழுத்து வைக்க ஆளில்லை. ஐப்பசிக் கடைசியிலைதான் ஐயோ மிஞ்சிப்போச்சே எண்டு முழிக்கும். மிச்சம் வைச்சால் அடுத்த வருசம் குறைச்சுத்தான் குடுப்பினம். பிறகென்ன? மார்கழியிலை கண் மண் தெரியாமல் செலவழிப்பினம்."

"எங்களுக்கு நல்லதுதானே அண்ணை?"

"என்ன நல்லது? அதுக்குப் பிறகு தை வருமெல்லே!"

சொன்னது பொய்யில்லை. மார்கழி வந்தால் கட்டிட வாசலில் பெட்டி பெட்டியாகச் சாமான் இறங்கும். போன வருடம் மாற்றிய கதிரைகளை மறுபடியும் மாற்றுவார்கள். நன்றாக இருக்கிற கம்பளத்தை உரித்துவிட்டு அதே நிறத்தில் புதுக் கம்பளம் போடுவார்கள். எல்லாக் கண்ணாடிகளையும் உள்ளும் புறமும் கழுவச் சொல்லுவார்கள், எங்களுக்கு மேலதிக நேரம் கிடைக்கும். தை மாதம் அதே ஆட்கள் கைதுடைக்கிற கடதாசியைக்கூட எண்ணித் தருவார்கள். இது பெரிய சாத்திரமில்லை. இந்த வேலையில் நாலு வருடம் இருந்த எவரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். மற்றவர்களுக்கு அது ஒரு செய்தி, அவருக்கு மட்டும் அது நோய்.

கதிரை வந்து இறங்கினால், "இப்பிடிச் செலவழிச்சால் தையிலை எங்கடை கழுத்திலைதான் கத்தி" என்பார். கதிரை வராவிட்டால், "பாத்தீரே, கதிரைக்கே காசில்லை, எங்களுக்கு எங்காலை?" என்பார். அவருடைய இடுப்பில் கட்டிடத்தின் சாவிக்கொத்து தொங்கும். பயம் வரும்போது கை தானாக அதற்குப் போய்விடும். நான் மூன்றாம் மாடியில் குப்பைக்கூடை வெறுமையாக்கிக்கொண்டிருந்தாலும், படிக்கட்டு வழியாக அந்தக் கிலுகிலுப்புக் கேட்கும். சத்தத்தை வைத்தே இன்று கீழே மழையா வெயிலா என்று சொல்லிவிடுவேன்.

நான் வன்னியிலிருந்து வந்தவள். பதுங்குகுழிக்குள் இருந்துகொண்டு சோறு காய்ச்சினவள். எனக்கு இந்த மனிதரைப் பார்க்க முதலில் சிரிப்புத்தான் வந்தது, பிறகு எரிச்சல் வந்தது. ஒரு நாள் பொறுக்காமல் கேட்டேன்.

"அண்ணை, ஷெல் விழேக்கை சத்தம் கேக்கும், ஓடி ஒளியலாம். நீங்கள் சத்தமே இல்லாத ஒண்டுக்கு வருசம் முழுக்கப் பயப்பிடுறியள்."

அவர் கோபிக்கவில்லை. பிளேன்ரீயை ஊதிவிட்டுச் சொன்னார். ஊரில் அவர் தெருத் திணைக்களத்தில் தற்காலிக ஊழியராக இருந்தவராம். மார்கழியில் தார்ப் பீப்பாக்களை உருட்டிக்கொண்டு வந்து, குழி இல்லாத தெருவுக்கும் தார் ஊற்றுவார்களாம். தை முதலாம் திகதி தற்காலிக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம், பங்குனியில் மறுபடி கூப்பிடுவார்களாம். "ஒரு தையிலை அப்பிடி நிண்டனான். பெம்பிளை வீட்டார் வந்து, தம்பி, வேலை நிரந்தரமோ எண்டு கேட்டினம். பொய் சொல்லத் தெரியேல்லை." அதோடு அந்தக் கலியாணம் நின்றதாம். பிறகு அவர் செய்யவேயில்லை. இதைச் சொல்லும்போது அவர் குரலில் கவலை இல்லை. எந்த மாதம் என்ன நடந்தது என்ற அறிக்கை போலத்தான் இருந்தது.

பொய் சொல்லத் தெரியாது என்றது உண்மை. மெத்ரோவுக்கு டிக்கெட் எடுத்தால், வெளியே வந்து தெருவில் ஏறின பிறகும் அதை எறிய மாட்டார். கட்டிடத்துக் கோப்பியறையில் அதிகாரிகள் மிச்சம் வைத்த பிஸ்கட்டை நாங்கள் எடுத்துத் தின்றால், அவர் கதவடியில் நின்று சாவியைக் கிலுக்குவார். லா சப்பலில் ரூ காய் என்ற தெருவில் ஒரு சாறிக் கடைக்காரர் அவருக்குப் பழக்கம். தை மாதத்துக்குப் புதுச் சாறி இறக்க வேண்டாம் என்று அவரிடம் போய் மன்றாடினார். "அரசாங்கத்துக்கும் என்ரை சாறிக்கும் என்னண்ணை?" என்று கடைக்காரர் கேட்க, "உன்னட்டைச் சாறி வாங்கிறவள் ஆற்றை கட்டிடத்தைக் கூட்டுறாள்?" என்றார் இவர். கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அண்ணை மட்டும் சிரிக்காமல் சாறிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்னை அந்தக் கட்டிடத்துக்குக் கொண்டுவந்தவரே அவர்தான். அதற்கு முன் நான் இதே கொம்பனிக்குத்தான் வேலை செய்தேன், ஆனால் பாரிஸுக்கு வெளியே கார்ஜ் என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில். நான் குடியிருந்ததும் கார்ஜில்தான். அந்த அலுவலகம் இழுத்து மூடப்படப்போகிறது என்று ஒரு கதை அடிபட்டது. ஆடி மாதம் அவர் டெலிபோன் எடுத்து, "பிள்ளை, நாளைக்கு இஞ்சை வாரும், ஒரு ஆள் குறையுது" என்றார். அவ்வளவுதான். எங்கள் ஆட்களுக்குள் இப்படித்தான் நடக்கும். யார் எந்தக் கட்டிடத்தில் என்பது மேற்பார்வையாளரின் வாய்ச் சொல்லிலேயே ஓடும். கொம்பனிக்கு வேலை நடந்தால் சரி, சம்பளச் சிட்டையில் கட்டிடத்தின் பெயரே இருக்காது.

எனக்கு வேலை என்பது சம்பளம் மட்டுமில்லை. வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்புகிற ஏஜென்சிக்காரன் எங்கள் குடும்பத்தைச் சேர்த்து அனுப்ப மாட்டேன் என்றதால் நான் முந்தி வந்தவள். என் கணவரும் மகளும், நாங்கள் அகதிகளாகப் போயிருந்த திருச்சியில் நின்றுவிட்டார்கள். இங்கே என் அகதிக் கோரிக்கையை மறுத்தார்கள். வேலை செய்ததைக் காட்டித்தான் கடைசியில் விசா கிடைத்தது. அவர்களைக் கூப்பிட வேண்டுமென்றால் ஒரு வருடம் இடைவிடாமல் வேலை செய்திருக்க வேண்டும். ஒரு மாதம் அறுந்தால் திரும்பவும் முதலிலிருந்து எண்ண வேண்டும். நான் வரும்போது மகளுக்குப் பல் முளைக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பல் விழுந்துவிட்டது என்று டெலிபோனில் சொன்னாள்.

புரட்டாதியில் ஒரு விடியற்காலை, கோட்டுப் போட்ட நாலைந்து பேர் கட்டிடத்துக்குள் வந்து மாடி மாடியாக நடந்தார்கள். ஒருவர் யன்னலை அளந்தார், ஒருவர் கழிப்பறைகளை எண்ணினார். எங்களுக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. கீழேயிருந்து சாவிச் சத்தம் விடாமல் கேட்டது.

"ஒப்பந்தம் முடியுது. புதுசாக் கேக்கப் போகினம். அளக்க வந்தவங்கள் எல்லாரும் வேறை வேறை கொம்பனி" என்றார், முகம் வெளிறிப்போய்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கொம்பனி மாறினாலும் ஆட்கள் மாறுவதில்லை. வீட்டை விற்றால் கிணறு வீட்டோடு போவது போல, கட்டிடத்தோடு நாங்களும் புதுக் கொம்பனிக்குப் போய்விடுவோம். ஆனால் அந்தக் கட்டிடத்தில் ஆறு மாதமாவது வேலை செய்திருக்க வேண்டும். செய்யாதவரைப் புதியவர்கள் எடுக்க வேண்டியதில்லை. பழைய கொம்பனி எங்காவது அனுப்பும், இல்லாவிட்டால் நிறுத்தும். எங்கள் பழைய கொம்பனிக்கோ, கார்ஜ் அலுவலகமும் மூடிவிட்ட பிறகு, அனுப்புவதற்கு வேறு கட்டிடம் இருக்கவில்லை.

நான் கேட்பதற்கு முன்பே அவர் விரலை மடக்கத் தொடங்கிவிட்டார். "நீர் ஆடித் தொடக்கத்திலை வந்தனீர். ஆடி, ஆவணி, புரட்டாதி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. ஆறு. அரசாங்கத்தின்ரை புது ஒப்பந்தம் எப்பவும் தை முதலாம் திகதிதான் தொடங்கும். நீர் தப்பீற்றீர், பிள்ளை!" அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் கண்டதேயில்லை. அன்றைக்குப் பிளேன்ரீக்கு வடையும் வாங்கித் தந்தார். நான் திருச்சிக்கு டெலிபோன் எடுத்து, பயமில்லையாம், அண்ணை சொல்லிவிட்டார் என்றேன். பயத்தைத் தவிர வேறொன்றும் சொல்லத் தெரியாத மனிதர் சொன்னதால் அதை முழுதாக நம்பினேன்.

ஐப்பசிக் கடைசியில் கொம்பனியிலிருந்து செய்தி வந்தது. புது ஒப்பந்தம் மார்கழி முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது. இந்த வருடக் காசு மிஞ்சியிருந்ததாம், அது திரும்பிப் போவதற்குள் செலவைத் தொடக்கிவிட்டார்களாம்.

அவர் வாளிகள் வைக்கிற நிலவறையில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்துவிட்டார். மார்கழியில் மிச்சக் காசை அவசர அவசரமாகச் செலவழிப்பார்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவரே அவர்தானே. அதையே மறந்து தையை எண்ணியிருக்கிறார். தையைப் பார்த்துப் பார்த்தே பயந்தவருக்கு, அதற்கு முதல் நிற்கிற மாதம் கண்ணில் படவில்லை.

"அஞ்சு மாசந்தான் வருது" என்றார். "நான்தானே உம்மை இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான்."

எனக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. வடை வாங்கித் தந்த கையைப் பிடித்து முறிக்கவேண்டும் போல இருந்தது. லா சப்பலில் இறங்கி, தண்டவாளப் பாலத்தடியால் ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையம் வரைக்கும் நடந்து போய், திரும்பி நடந்து வந்தேன்.

கார்த்திகையில் புதுக் கொம்பனியின் ஒரு பெண்மணி எங்களைப் பார்க்க வந்தாள். கெட்டவளில்லை, எல்லாருக்கும் கை கொடுத்தாள். நிலவறையில் எங்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டு, முதலில் அவரோடு பிரெஞ்சில் நீளமாக ஏதோ கதைத்தாள். என் பிரெஞ்சு அப்போது வாளிக்கும் துடைப்பத்துக்கும் மட்டும் போதுமானது. 'ஆறு', 'ஏழு' என்ற எண்கள் மாத்திரம் திரும்பத் திரும்ப விளங்கின. அவர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். பிறகு அவள் ஒவ்வொருவராக, இவர் எப்போதிலிருந்து இந்தக் கட்டிடத்தில் என்று அவரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அவ்ரில், மதாம்" என்றார்.

அது சித்திரை. அவள் குறித்துக்கொண்டு அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். அவருடைய சாவிக்கொத்தை அப்போதுதான் பார்த்தேன். அவர் அதைத் தொடவேயில்லை.

வெளியே வந்ததும், "அண்ணை, என்ன வேலை செய்தனீங்கள்?" என்றேன்.

"கதையாதையும். சுவருக்கும் காது இருக்கு" என்றார். கடையில் பிளேன்ரீக்குச் சீனி போட்டார், கலக்கினார், மறுபடியும் சீனி போட்டார்.

அடுத்த நாளிலிருந்து எனக்கு நான் வாழாத சித்திரை மாதத்தைப் பாடமாக்கத் தந்தார். அவள் திரும்பி வந்து கேட்டால் நான் தடுமாறக் கூடாதாம். மாடிப்படி துடைக்கும்போது பின்னால் வந்து நின்று திடீரென்று கேட்பார்.

"சித்திரையிலை என்ன பழுது?"

"லிஃப்ட்."

"எத்தினையாம் மாடியிலை தண்ணி ஒழுகினது?"

"ரெண்டாம் மாடி, மூலை அறை."

"ஆர் வந்து திருத்தினது?"

"மீசை வைச்ச ஒருத்தர்."

"மீசையைச் சொல்லாதையும்! அவ்வளவு ஞாபகம் இருந்தால் சந்தேகப்படுவினம்."

அந்த மீசைக்காரரை நான் கனவில்கூடக் கண்டேன். யாராவது கோட்டுப் போட்டவர் வாசலில் தெரிந்தால் நான் சித்திரைப் பாடத்தை வாய்க்குள் சொல்லிக்கொள்ளுவேன், கீழே சாவி கிலுங்கும். அதுவரைக்கும் நான் கேலி செய்த பயம் என்னிடமும் குடிவந்துவிட்டது. முன்பென்றால் அவருக்கு மாதத்தைப் பற்றித்தான் பயம். இப்போது ஆளைக் கண்டாலும் பயந்தார். அவர் கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனது. ஆனாலும், ஏன் அப்படிச் சொன்னேன் என்று ஒரு நாளும் அவர் நொந்துகொள்ளவில்லை.

யாரும் வந்து கேட்கவில்லை. மார்கழி முதலாம் திகதி நாங்கள் ஏழு பேரும் புதுக் கொம்பனிக்கு மாறினோம், என் சம்பளம் அறவில்லை. வழக்கம்போலக் கதிரைகள் வந்து இறங்கின.

தை பிறந்த முதல் கிழமை, அவருடைய இடுப்பில் சாவிக்கொத்து இல்லை. தன்னிடம் இருந்த மூன்று கட்டிடங்களுக்கும் சேர்த்து ஒரு மேற்பார்வையாளரைப் புதுக் கொம்பனி போட்டிருந்தது. விடியப்புற வேலை மட்டும் அவருக்கு மிஞ்சியது. பகலில் கட்டிடத்தில் நின்று பார்ப்பதற்கென்று இருந்த நேரம், அவருடைய சம்பளத்தில் பெரிய பங்கு, இல்லாமல் போய்விட்டது. தையிலை அரசாங்கம் வெட்டிப்போட்டுது போல என்றுதான் நான் முதலில் நினைத்தேன்.

எங்களோடு வேலை செய்த மாலி நாட்டு அக்காவுக்குத்தான் பிரெஞ்சு நன்றாகத் தெரியும். அவள் என்னை ஒரு பக்கம் கூப்பிட்டு, எனக்கு விளங்கும்படி கையாலும் வாயாலும் சொன்னாள். அன்றைக்கு நிலவறையில் அந்தப் பெண்மணி அவரிடம் ஒளிக்காமல்தான் சொன்னாளாம். குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுத்திருக்கிறோம், மொத்த நேரத்தைக் கூட்ட முடியாது. ஆறு பேர் வந்தால் உமது பகல் நேரம் இருக்கும். ஏழு பேர் என்றால் அதிலிருந்துதான் வெட்டவேண்டும். ஏழாவது ஆளைப் பற்றி நிச்சயமா? அதையெல்லாம் கேட்டுத் தலையாட்டிவிட்டுத்தான் அவர் சித்திரை என்றிருக்கிறார்.

மகளும் என் கணவரும் வந்து சேர இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. விமான நிலையத்தில் மகள் என்னை அம்மா என்று கூப்பிட வெட்கப்பட்டு, தகப்பனுக்குப் பின்னால் ஒளிந்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டும் என்று நான் நினைத்திருந்த மனிதர் அப்போது பாரிஸில் இல்லை. வேலை குறைந்த அந்த வருட மாசியிலேயே வேலையை விட்டுவிட்டு, லியோன் பக்கம் யாரோ தெரிந்தவரின் கடைச் சமையலறைக்குப் போய்விட்டார். டெலிபோன் இலக்கமும் கொஞ்ச நாளில் மாறிவிட்டது. ரூ காயில் சாறிக் கடைக்காரரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை.

வேலைக்கு வெளியே கடைசியாக அவரோடு நின்று கதைத்தது அந்தத் தைப்பொங்கலன்று, அதே ரூ காயில்தான். கடை வாசல்களில் கரும்பு கட்டியிருந்தது. சாறிக் கடைக்கு முன்னால் பெரிய பானையில் பொங்கி, போகிறவர்களுக்கெல்லாம் கடதாசித் தட்டில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். குளிரில் ஆவி பறந்தது. அவர் ஒரு தட்டை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றார். நானும் ஒரு தட்டோடு கிட்டப் போனேன்.

"அண்ணை, மாலி அக்கா எல்லாம் சொன்னவ. எனக்காகத்தானே நீங்கள்..."

"பொங்கலைச் சாப்பிடும். ஆறுது."

"இனி என்ன செய்யப் போறியள்? தை பிறந்தா கை மூடும் எண்டு நீங்கள்தானே சொல்லுவியள்?"

அவருடைய கை இடுப்புக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை. கோட்டின் ஓரத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டதே குறைவு.

"சீ, அது என்ன கதை, பிள்ளை" என்றார். "தை பிறந்தா வழி பிறக்கும். அப்பிடித்தானே எல்லாரும் சொல்லினம்."

அவர் சொன்ன எத்தனையோ கெட்ட செய்திகளைக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். இதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. ஆறிப்போன பொங்கல் தட்டோடு அவருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தேன்.